ஆலமரத்தில் தொங்கிய சாக்கு

மரங்களுக்கும் எனக்கும் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பதினாறு வருடமாக கரண்ட் ஆபீசில் வயர்மேனாக இருக்கும் என்னைப் பார்த்தாலே மரம் வளர்ப்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கிறது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வேலை பார்த்த காலத்தில், ஒரு வீட்டு வாசலில் புங்கமரத்துக் கிளை ஒன்றை வெட்டினேன். படித்த மனிதர் ஒருவர் வெளியே வந்து, செல்போனில் என்னைப் படம் பிடித்தபடி ஆக்சிஜனைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். முழுவதையும் கேட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் மழையில் அதே தெருவில் இன்னொரு கிளை கம்பிமேல் விழுந்து கரண்ட் போனது. முதலில் போன் போட்டவர் அவர்தான். தெரு நிறைய ஆக்சிஜன் இருந்தும் மின்விசிறி சுற்றாமல் அவரால் மூச்சு விட முடியவில்லை.

கிராமத்தில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. ஏணியைச் சாய்ப்பதற்குள் எங்கிருந்தோ இருபது ஆடுகள் வந்துவிடும், கூடவே ஆட்டுக்காரர்களும். அவர்களுக்குத் தேவை தழை. "அண்ணே, அந்தக் கெளையும் கம்பியில ஒரசுது பாருங்க" என்று அக்கறையாகக் கை காட்டுவார்கள். அந்தக் கிளை கம்பிக்கு ஆறடி தள்ளி நிற்கும். அவர்கள் பேச்சைக் கேட்டு வெட்டியிருந்தால் இந்நேரம் அழகர்மலைக்கே மொட்டை போட்டிருப்பேன்.

என் ஊர் மதுரை டவுன். வில்லாபுரத்தில் பிறந்து, வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசி, தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தறி. எனக்குத் தறியை விட அதை ஓட்டிய மோட்டார் பிடித்துப்போனதால் இந்த வேலைக்கு வந்தேன். பசுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் பால் பாக்கெட்டில் வரும் என்பதுதான். இந்த விவரம் ஏன் முக்கியம் என்பது இன்னும் கொஞ்சத்தில் புரியும்.

நான் சொல்லவரும் நாள் ஒரு ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஆடிக் காற்றுக்கு முன்னால் லைன் ஓரத்து மரங்களின் கிளைகளையெல்லாம் கழித்துவிட வேண்டும் என்று ஆபீசில் உத்தரவு. அழகர்கோவில் மலை நீலமாகத் தெரிகிற தூரத்தில் ஒரு ஊர். ஊர் எல்லையில் ஒரு ஆலமரம். அதை உரசிக்கொண்டு எச்.டி. லைன் போகிறது. எச்.டி. என்றால் வீட்டுக்கு வரும் கரண்ட் இல்லை, பதினோராயிரம் வோல்ட். அது தொட்டால் ஷாக் அடிக்காது, ஆளையே அடித்துவிடும்.

காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை மின்தடை. எல்.சி. என் பெயரில். எல்.சி. என்பது லைன் கிளியர், அதாவது இந்த லைனில் கரண்ட் இல்லை, நீ தைரியமாக வேலை பார் என்று சப்ஸ்டேஷனில் கொடுக்கும் அனுமதி. யார் பெயரில் வாங்கினோமோ அவரே போன் போட்டு, வேலை முடிந்தது, ஆட்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை எப்பேர்ப்பட்ட அதிகாரி வந்தாலும் லைனுக்குக் கரண்ட் விட முடியாது. எங்கள் ஆபீசில் எனக்கு இருக்கிற ஒரே அதிகாரம் அதுதான்.

கூட வந்தவர் எங்கள் போர்மேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவர் மரம் ஏறியதைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்கள். நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் டிபன் பாக்சை வைத்துக்கொண்டு, அங்கிருந்தே மரம் வெட்டுவார். அதாவது நான் வெட்டுவேன், அவர் "இன்னும் கொஞ்சம் மேல மாப்ள" என்பார்.

லைன்மேல் கைப் பருமனில் ஒரு கிளை படுத்திருந்தது. சுற்றிலும் இலைகள் கருகிக் கிடந்தன. போர்மேன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத எவன்டா இம்புட்டு நாளு பாக்காம விட்டான்?" என்றார். நான் அரிவாளின் கூரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பித் தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் ராடைக் கம்பியில் மாட்டிவிட்டு மரத்தில் ஏறினேன். பதினோரு மணி இருக்கும். கம்பிப் பக்கம் நீண்ட கிளையில் ஒரு சாக்கு மூட்டை கயிற்றில் தொங்கியது. உரச் சாக்கு. வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. மூக்கைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு அதன் வாசனை இருந்தது.

"அண்ணே, இங்க ஏதோ சாக்கு தொங்குது" என்றேன்.

போர்மேன் ஒரு ஆட்டுக்காரருடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "குப்பையாத்தேன் இருக்கும். அறுத்து விடு மாப்ள" என்றார்.

அறுத்து விட்டேன்.

அது நேராகப் போய் டிபன் பாக்சுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து வாய் பிளந்தது. உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை, நீங்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். போர்மேன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். எதையும் தின்னும் ஆடுகளே பத்தடி தள்ளிப் போய் நின்றன.

"அடப் பாவி! நஞ்சுக்கொடிடா!" என்று அலறினார் போர்மேன்.

நான் மரத்தில் இருந்தபடியே விளக்கம் கேட்டேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து, சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். ஆலமரம் பால் மரம். கிளையைக் கிள்ளினால் பால் வடிகிற மாதிரி மாட்டுக்கும் பால் சுரக்கும். கீழே விழுந்து நாய் வாய் வைத்துவிட்டால் போச்சு, மடி வற்றிவிடும்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, மாட்டு மடிக்கும் இந்த மரத்துக்கும் நடுவுல ஒயரே இல்ல. பெறகு எப்படி சப்ளை போகும்?" என்று கேட்டேன்.

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஆட்டுக்காரர் மட்டும் ஊருக்குள் ஓடினார். ஐந்து நிமிடத்தில் மாட்டுக்காரி வந்துவிட்டார்.

நாற்பது வயதிருக்கும். கையில் சாணி காயாமல் இருந்தது. புருஷனுக்குக் கேரளாவில் கட்டட வேலை. வீட்டில் அவரும் மாடும்தான். மாடு மூன்று நாளுக்கு முன்புதான் ஈன்றிருக்கிறது. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, ஆட்டுக்காரர்கள் ஆளுக்கொரு வரியாகச் சொன்னார்கள். அவர் கீழே கிடந்த மூட்டையைப் பார்த்தார், பிறகு மரத்தில் இருந்த என்னைப் பார்த்தார்.

"எறங்கு" என்றார்.

இறங்கினேன். பதினோராயிரம் வோல்ட்டுக்குப் பயப்படாதவன் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தேன்.

"ஒரு வார்த்த கேட்டியா தம்பி? ஒனக்கு அது என்னா பண்ணுச்சு, கடிச்சுச்சா? என் மாடு வத்திப்போச்சுன்னா ஒங்க ஆபீசுலயா வந்து பால் கறப்பேன்?"

"அக்கா, எங்க வீட்டுல பாக்கெட் பால்தான். அதுக்கு எந்த மரத்துல கட்டுறாகன்னே தெரியல, ஆனாலும் தெனமும் வருது" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"அதுனாலதேன் அது தண்ணியா இருக்கு" என்றார் அவர்.

இதற்குக் கூட்டம் சிரித்தது. போர்மேனும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு வருத்தம். பிறகு அவர் சமாதானத் தூதராக மாறினார். "விடும்மா, எங்க பையனே ஏறித் திருப்பிக் கட்டிருவான்" என்றார். மாட்டுக்காரி ஒப்புக்கொள்ளவில்லை. வெட்டிய கை கட்டக் கூடாதாம், வீட்டு ஆள் கைதான் படவேண்டுமாம். புது வைக்கோல், புதுச் சாக்கு எடுத்துக்கொண்டு வந்து தானே ஏறிக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டு, மூட்டைக்குக் காவலாக ஒரு ஆட்டுக்காரரை நிறுத்திவிட்டுப் போனார். நாய்கள் வந்தால் விரட்ட அவருக்கு என் தொரட்டிக் கம்பைக் கொடுத்தார். என்னிடம் கேட்கவெல்லாம் இல்லை.

நான் மறுபடி ஏறி வேலையை முடித்தேன். கம்பிமேல் படுத்திருந்த கிளையைக் கயிறு கட்டி இறக்கினோம். மற்ற கொப்புகளையும் கழித்தோம். ஆடுகளுக்குத் திருவிழா. ஒன்றரை மணிக்கு எங்கள் வேலை முடிந்தது. எர்த் ராடை மட்டும் கம்பியிலேயே விட்டு வைத்திருந்தேன். மாட்டுக்காரியைக் காணோம். வைக்கோல் படப்பு ஊருக்கு அந்தக் கோடியில் இருந்ததாம், நடுவில் கன்றையும் பார்க்க வேண்டியிருந்ததாம். போர்மேன் மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த அக்கா வந்தார். மூட்டையைப் புதிதாகக் கட்டினார். முகம் சுளிக்கவே இல்லை. சேலையைத் தூக்கிச் செருகி, கயிற்றைத் தோளில் போட்டு, மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். என்னைவிட நன்றாக ஏறினார். எனக்குப் பெல்ட்டும் ஹெல்மெட்டும் உண்டு, அவருக்குக் கால் விரல்கள் மட்டும்.

ஏறியவர் கம்பிப் பக்கமாகவே போனார். நாங்கள் கழித்தது போக மிச்சம் நின்ற அடிக்கிளையில் உட்கார்ந்தார். அங்கிருந்து எட்டிக் கயிற்றை வீசினால் நுனி கம்பியைத் தொடும்.

"அக்கா, அங்க வேணாம். இங்கிட்டு வாங்க" என்று கத்தினேன்.

"அங்கிட்டு பூராம் பிஞ்சுக் கெளை, மூட்ட தாங்காது. நீ ஓஞ் சோலியப் பாரு."

இரண்டு மணி ஆகிவிட்டது. போன் அடித்தது. எங்கள் ஏ.ஈ., அதாவது என்னைவிடப் பத்து வயது சின்ன இன்ஜினியர்.

"என்ன, இன்னும் எல்.சி. ரிட்டர்ன் வரலையாமே?"

"சார், மரத்துல ஆள் இருக்கு."

"நம்ம ஆளா?"

"இல்ல சார். ஒரு அக்கா."

"அக்காவுக்கு மரத்துல என்ன வேலை?"

இதற்கு எப்படிப் பதில் சொல்வது? "மாட்டு விஷயம் சார்" என்றேன். மாடு மரத்தில் ஏறிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. "அஞ்சு நிமிஷத்துல எறக்கிட்டு ரிட்டர்ன் பண்ணு" என்று வைத்துவிட்டார்.

ஐந்து நிமிடம் இருபது ஆனது. இதற்குள் ஊருக்குக் கரண்ட் ஆசை வந்துவிட்டது. காலையில் அந்த மூட்டைக்காக என்னை முறைத்தவர்களே இப்போது மணி பார்த்தார்கள். மாவு மில்காரர் மொபெட்டில் வந்து இறங்கி, மிளகாய் பாதி அரைபட்டு நிற்கிறது என்றார். இன்னொருவர் வீட்டுச் சீரியல் போய்விட்டதாம். போர்மேனும் பொறுமை இழந்தார்.

"மாப்ள, நம்ம வேல முடிஞ்சிருச்சு. கம்பிக்கும் அதுக்கும் நாலடி இருக்கு. ராட எடுத்துட்டு ரிட்டர்ன் குடுத்துரு. நம்ம போறோம், அது பாட்டுக்கு எறங்கும்."

எனக்கும் ஆசைதான். பசி வேறு. மேலே பார்த்துக் கடைசியாக ஒரு சத்தம் கொடுத்தேன். "அக்கா, சீக்கிரம்! அது கரண்டு போற எடம்!"

"தெரியும் தம்பி. நான் எப்பவும் இங்கனதேன் கட்டுறது."

"கரண்டு இருக்கயிலயா?"

"பெறகு? மாடு கன்னு போடுற அன்னைக்கு நீ வந்து நிப்பாட்டுவியா?" முடிச்சை இறுக்கியபடி அவர் சாவகாசமாகப் பேசினார். "அன்னைக்குத் தூத்தல்ல ஏறிக் கட்டுனேன்ல, அன்னைக்குத்தேன் பாடாப் படுத்திருச்சு. கையி காலெல்லாம் சுருசுருன்னு ஒரே கடி. முயிறு. அம்புட்டு முயிறு. ஒதறிக்கிட்டே எறங்கிட்டேன். இன்னைக்கு ஒண்ணக் கூடக் காணோம் பாரு."

முயிறு என்றால் மரத்தில் இலையைச் சுருட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. காலையிலிருந்து நானும் அந்த மரத்தில்தான் இருந்தேன். ஒவ்வொரு கொப்பாகத் தொட்டு வெட்டியிருக்கிறேன். அந்த மரத்தில் ஒரு முயிறுக் கூடுகூட இல்லை.

என் கையில் போன் மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. போர்மேன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் சர்வீஸ் போட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. கம்பிமேல் கிளை, ஈர மரம் வழியே கசிந்த கரண்ட். மூன்று நாளுக்கு முன்பு தூறல் இன்னும் கொஞ்சம் வலுத்திருந்தால், அந்த மரத்தடியில் மூட்டையோடு அந்த அக்காவும் கிடந்திருப்பார்.

போர்மேனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். போன வருடம் இதே ஆனியில் இந்த லைன் என் பொறுப்பு. நல்ல வெயில். ரிஜிஸ்டரில் இருந்த மரங்களில் பாதிக்குமேல் போய்ப் பார்த்து வெட்டினேன். மிச்சத்தை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெட்டினேன். பேனா இருந்தால் போதும், ஒரு மரத்துக்கு அரை நிமிடம்தான். ஆலமரம், ஊர் எல்லை, கிளைகள் அகற்றப்பட்டன. கீழே என் கையெழுத்து. அந்த வேலைக்கு எங்களுக்குள் ஒரு கிண்டல் பெயர்கூட உண்டு, டீக்கடைக் கழிப்பு. அதைச் சொல்லி நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன் நிற்காமல் அடித்தது. போர்மேன் அதை என் கையிலிருந்து வாங்கினார். "சார், ஆள் எறங்கல. எறங்குனப் பெறகுதேன்" என்றார். அந்தப் பக்கம் சத்தம் பெரிதாக வந்தது. "அதெல்லாம் தெரியும் சார். ஆள் எறங்கல" என்று மறுபடியும் அதையே சொல்லிவிட்டு வைத்தார். மாவு மில்காரர் வாயைத் திறந்தார். "மொளகா எங்கயும் ஓடிப்போகாது, போய்யா" என்று அவருக்கும் ஒன்று கொடுத்தார்.

அந்த அக்கா மூட்டையை அசைத்துப் பார்த்து, திருப்தியாகி, நிதானமாக இறங்கினார். பாதம் தரையில் பட்ட பிறகுதான் நான் எழுந்தேன்.

"அக்கா, அன்னைக்கு உங்களக் கடிச்சது முயிறு இல்ல" என்றேன்.

"பெறகு?"

கம்பியைக் காட்டினேன். வெட்டிப் போட்டிருந்த கிளையின் கருகிய இலைகளையும் காட்டினேன். அவர் இலையைக் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா யாருமே சொல்லலயே தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான் என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை. என் போன் நம்பரை மட்டும் கொடுத்தேன். அடுத்த ஈற்றுக்குக் கட்டும்போது எனக்குப் போன் போடுங்கள், கரண்டை நிறுத்திவிட்டு ஏறலாம் என்றேன். அவர் நம்பரை வாங்கிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போனார்.

எர்த் ராடை எடுத்துவிட்டு எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தபோது மணி இரண்டு ஐம்பது. மறுநாள் அந்த அக்கா போன் போட்டு, மாடு ஒரு சொட்டுக் குறையாமல் கறக்கிறது, திருப்பிக் கட்டியதால்தான் என்றார். கட்டாவிட்டாலும் கறந்திருக்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. "ஆமாக்கா, அதுனாலதான்" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் மெமோ வந்தது. எல்.சி.யை ஐம்பது நிமிடம் தாமதமாகத் திருப்பியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தேன். மரத்தில் ஆள் இருந்ததை எழுதினேன். அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதை எழுதினேன். அவர் முயிறு என்று நினைத்ததை எழுதினேன். பிறகு பேனா நிற்கவில்லை, போன வருட ரிஜிஸ்டரையும் எழுதிவிட்டேன்.

போர்மேன் வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா மாப்ள? கேட்ட வெளக்கத்த மட்டும் குடு. இதக் குடுத்தா இன்னொரு மெமோ வரும்" என்றார். கடைசிப் பத்தியைக் கிழிக்கக்கூடப் பார்த்தார். நான் விடவில்லை.

அவர் சொன்னது சரிதான். இரண்டாவது மெமோ பத்தே நாளில் வந்தது. குறிப்பிட்ட மரத்தில் கிளைகள் அகற்றப்பட்டதாகப் போன வருடம் பதிவு செய்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். வெயில், பசி, ஆள் பற்றாக்குறை என்று ஆபீசில் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாமே நல்ல காரணங்கள், பாதி உண்மையும்கூட. நான் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மரத்துக்கு நான் போகவே இல்லை.